‘மந்தி’ என்று வெள்ளையன் சொன்னது

இதை எழுதாமல் விட்டால், என் கையெழுத்தில் உள்ள ஒரு பிழை என்னைவிட நெடுநாள் வாழும். அதனாலேயே எழுதுகிறேன்.

சில கிழமைகளுக்கு முன் ஆய்வு மாணவி ஒருவர் திருச்சிராப்பள்ளித் தென்னூரில் உள்ள என் வீட்டிற்கு வந்தார். நான் பணியாற்றி ஓய்வுபெற்ற கல்லூரியின் விலங்கியல் துறையில், இலையுண்ணும் குரங்குகளைப் பற்றி ஆய்பவர். துறையின் பழைய களக்குறிப்பேட்டிலிருந்து ஒரு பக்கத்தைப் படியெடுத்துக் கொணர்ந்திருந்தார். “புதிதாக வந்த பெண் முசு, தாயிடமிருந்து குட்டியைப் பறித்துக் கடித்துக் கொன்றது” என்ற வரியின் கீழே கோடிட்டிருந்தார். “இது நீங்க எழுதினதுதானே ஐயா?” என்று கேட்டார். நான் எழுதியதுதான். ஆனால் நிகழ்ந்தது அதுவன்று. குட்டியைக் கொன்றது பெண்ணன்று, ஆண்.

அக்குறிப்பேட்டுக்கு இரண்டு படிகள் இருந்தன. ஆங்கிலப் படியில் இவ்வரி முறையாக அடித்துத் திருத்தப்பட்டது. தமிழ்ப் படி அந்நாளில் அட்டை கட்டுவதற்காக வெளியே போயிருந்தது. திரும்பி வந்ததும் திருத்திக்கொள்ளலாம் என்று நானே தள்ளிவைத்தேன். வேலை மிகுதியால் தள்ளிவைக்கவில்லை. அப்பக்கத்தைத் திறக்க எனக்கு நாணமாக இருந்தது. மாணவியிடம் உண்மையைச் சொல்லி அனுப்பிவிட்டேன். எனினும் அவர் சென்றபின் ஓரிடத்தில் உட்கார இயலவில்லை. கூடத்துக்கும் வாயிலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். இன்னும் யார் யார் அவ்வரியைப் படியெடுத்திருக்கிறார்களோ, எனக்குத் தெரியாது.

என் பயிற்சிக் காலத்தில் சொல்லத்தக்கது மிகுதியாக இல்லை. கல்லூரியில் விலங்கியல் பயின்றேன். தமிழ்மீது கொண்ட தீராப் பற்றால் வித்துவான் தேர்வையும் தனியே எழுதித் தேறினேன். ஐம்பதுகளின் பிற்பகுதியில் அதே துறையில் செய்முறைப் பயிற்றுநராக, அன்றைய வழக்கில் ‘டெமான்ஸ்ட்ரேட்ட’ராக, தற்காலிக வேலையில் அமர்ந்தேன். முதல் சில ஆண்டுகள் தவளையும் கரப்பானும் ஃபார்மலின் நெடியுமாகக் கழிந்தன. துறையில் என்னை எல்லோரும் ‘புலவர்’ என்றே அழைத்தனர். அதில் மதிப்பு பாதி, கிண்டல் பாதி.

கல்லூரிகளில் அறிவியலைத் தமிழில் கற்பிக்கலாம் என்ற பேச்சு எழுந்தபோது, விலங்கியற் கலைச்சொற்களைத் தொகுக்கும் பணியைத் துறைத்தலைவர் எனக்குத் தந்தார். நீண்ட வாலும் கரிய முகமும் சாம்பல் மயிரும் உடைய, இலையையே பெரிதும் உண்டு வாழும் குரங்கை அனைவரும் ‘லங்கூர்’ என்றனர். அதற்கு ‘முசு’ என்ற பழந்தமிழ்ச் சொல் இருக்கிறது என்று நான் நிறுவினேன். நிகண்டுகளின் வழிநின்று, ஆணுக்குக் கடுவன், பெண்ணுக்கு மந்தி, குட்டிக்குப் பறழ் என்று வகுத்துக்கொண்டேன். உடன்பணியாற்றிய அந்தோணிராஜ் மட்டும், “முசு முசுன்னா மூச்சு வாங்கற மாதிரி இருக்கே புலவரே, பசங்க ஆஸ்துமான்னு நெனைச்சுக்கப் போறானுங்க” என்று சொல்லிச் சிரித்தார். எனக்கு அன்று சினம் வந்தது. அச்சொற்களை நான் வெறும் சொற்களாகக் கருதவில்லை. என் வாழ்நாளுக்கு ஒரு பொருள் இருக்குமானால் அப்பட்டியலே அது என்று நம்பியிருந்தேன்.

துறைத்தலைவர் பேராசிரியர் வரதாச்சாரி, திருவரங்கத்தில் வடக்கு உத்தர வீதியில் வாழ்ந்தவர். நெற்றியில் திருமண் காப்பும் மேலே மூடிய கழுத்துக் கோட்டுமாகக் கல்லூரிக்கு வருவார். சனிக்கிழமை காலையில் களக்குறிப்பேட்டுடன் நாங்கள் அவர் இல்லத்துக்குச் செல்ல வேண்டும். உட்கார்ந்து படிக்கமாட்டார். ஏட்டைக் கையில் ஏந்தியபடி கூடத்தின் நீளத்துக்கு நடந்துகொண்டே படிப்பார். ஏதேனும் ஒரு சொல்லில் ஐயம் ஏற்பட்டால் நின்றுவிடுவார். அவர் நடை நின்ற இடத்தில் நம் நெஞ்சும் ஒருமுறை நிற்கும். ஏட்டிலிருந்து கண்ணெடுக்காமல், “கண்டீரா, கேட்டீரா?” என்று கேட்பார்.

குறிப்பேட்டின் ஒவ்வொரு பக்கமும் அதன்படியே இரு பத்திகளாகக் கோடிடப்பட்டிருந்தது. இடப்புறம் ‘கண்டது’, வலப்புறம் ‘கேட்டது’. கண்டது என்ற பத்தியில், எழுதுபவன் தன் கண்ணால் கண்டதைத் தவிர ஒரு சொல்லும் ஏறக்கூடாது. ஒருமுறை ‘கடுவன் சினந்தது’ என்று எழுதிவிட்டேன். நடை நின்றது. “கோபம்னு உம்மகிட்ட வந்து சொல்லித்தா ஓய்? பல்லைக் கடிச்சுதுன்னா பல்லைக் கடிச்சுதுன்னு எழுதும்” என்றார். கேட்டது என்ற பத்தியில், சொன்னவர் வாயிலிருந்து வந்த சொல் வந்தபடியே இருக்க வேண்டும். அழிப்பான் வைத்திருக்கக்கூடாது. பிழையானால் ஒற்றைக் கோட்டால் அடித்து, அடிபட்ட சொல் படிக்கத்தக்கதாக இருக்க, பக்கத்தில் ஒப்பமிட வேண்டும். இவ்விதிகளை இத்துணை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இவற்றுள் ஒன்றை நான் மீறினேன். மீறியது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்தபின் நான் செய்ததோ அதைவிடக் கொடிது.

திருவரங்கத்து மதில்களில் திரியும் குரங்குகளையே அவர் எங்களுக்கு முதற்பாடமாகக் காட்டினார். காவிரிக்கரை அம்மாமண்டபத்துப் படித்துறையில் ஒரு குரங்கு வழிபட வந்தவர் கையிலிருந்த பழத்தைப் பறித்து, கன்னத்துப் பைக்குள் திணித்துக்கொண்டு ஓடியது. அதைச் சுட்டி, இவன் வாயில் பை வைத்திருக்கிறான், உம்முடைய முசு வயிற்றில் வைத்திருக்கிறது என்றார். அது உண்மை. முசுவுக்குக் கன்னப்பை கிடையாது. மாட்டின் வயிற்றைப் போலப் பல அறைகளாகப் பகுத்த இரைப்பை அதற்கு உண்டு. முற்றிய இலையும் அங்கே புளித்து, நொதித்து, உணவாகும். அதனால்தான் முசுக்கள் காலையில் வயிறு புடைக்க மேய்ந்துவிட்டு, நண்பகலில் கிளைகளில் கால்களைத் தொங்கவிட்டு, உண்ட களைப்பில் இருக்கும் பெரிய மனிதர்களைப் போல அசையாமல் அமர்ந்திருக்கும். அவற்றின் அமைதியைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பொறாமையே வந்திருக்கிறது. நான் ஒருநாளும் அப்படி அமர்ந்தவனல்லன்.

எங்கள் களம், துறையூருக்கு அப்பால் பச்சைமலையின் அடிவாரம். திருச்சியின் சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து முதற்பேருந்தில் புறப்பட்டு, துறையூரில் இறங்கி வேறு வண்டி பிடித்து, பிறகு நடக்க வேண்டும். கால் மணிக்கு ஒருமுறை, கண்ணுக்குப் படும் ஒவ்வொரு முசுவும் அந்நொடியில் என்ன செய்கிறது என்பதை ஓர் எழுத்தால் குறிப்போம். மேய்தலா, இருத்தலா, நகர்தலா, ஒன்றன் மயிரை மற்றொன்று கோதுதலா என்று. மரத்தடியில் உதிர்ந்த கடித்த இலைகளைப் பொறுக்கி, செய்தித்தாளுக்கிடையே வைத்து அழுத்தி, மரத்தின் பெயரை எழுதுவோம். வாகைத் தளிரை உண்ணும்போது நுனியை மட்டும் கிள்ளி, எஞ்சியதைக் கீழே போட்டுவிடும். அத்தி இலையில் காம்பைத் தின்று இலையை விடுவதும் உண்டு.

எங்களுக்கு அங்கே கண்ணாக இருந்தவர் வெள்ளையன். அம்மலையிலேயே பிறந்தவர். மூங்கில் வெட்டும் வேலையை விட்டுவிட்டு, எங்கள் துறையின் களக்காவலராக வந்திருந்தார். ஆண்டுக்காண்டு நீட்டிக்கப்படும் வேலை. அது நிலைப்பதும் போவதும் பேராசிரியர் எழுதும் ஒரு வரியில் இருந்தது. மலையில் முதன்முதலாகச் சர்க்கார் சம்பளம் போன்ற ஒன்றைப் பெற்றவர் என்பதால், ஊரில் அவருக்கு ஒரு மதிப்பும் உண்டாகியிருந்தது. முசுக்களை அவர் ஒவ்வொன்றாக அறிவார். ஒன்றன் காதில் உள்ள கிழிசல், ஒன்றன் வாலில் உள்ள வளைவு, ஒன்று தாவுமுன் தலையை ஆட்டும் வகை, இவையெல்லாம் அவர் கணக்கில் இருந்தன. கூட்டத்தின் தலைவனாகிய பெரிய ஆணை ‘பெரிசு’ என்பார். அது விடியலில் மலை எதிரொலிக்க ‘ஊப், ஊப்’ என்று முழங்கும்போது, அவர் தம் கையிலிருந்த கோலால் திசையைச் சுட்டி, கூட்டம் இன்று எங்கே மேயும் என்று சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

அவரிடமும் நான் என் தமிழை விட்டுவைக்கவில்லை. முதற்கிழமையிலேயே, இனத்தின் பெயர் முசு, ஆண் கடுவன், பெண் மந்தி என்று சொல்லிக்கொடுத்து, இனி அப்படியே சொல்ல வேண்டும் என்றேன். அவர் தலையை அசைத்துக்கொண்டார். அன்று முதல் என் முன்னிலையில் ‘முசு’ என்றே சொல்லிவந்தார். அலுவலகத்துக்குப் போகும்போது சட்டை மாட்டிக்கொள்வதைப் போல, என்னைக் கண்டதும் அச்சொல்லை அவர் மாட்டிக்கொண்டார் என்பது எனக்கு அப்போது புரியவில்லை. அவர் மலையில் அக்குரங்குக்குப் பெயர் என்ன என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஓராண்டு, செய்முறைத் தேர்வுகளின் பொருட்டு ஏறத்தாழ ஒரு மாதம் நான் திருச்சிராப்பள்ளியை விட்டு நகர முடியவில்லை. தேர்வு முடிந்து மலையடிவாரத்தில் இறங்கியபோது, வெள்ளையன் எனக்காகச் சாலையிலேயே காத்திருந்தார். கண்டதும் பதற்றத்தோடு சொன்னார்.

“நீங்க இல்லாத நேரத்துல பெரிய ரகளையாப் போச்சுங்க ஐயா. மேக்காலேருந்து ஒரு கூட்டம் வந்து பெரிசத் தொரத்திடுச்சு. அப்பறம் அந்தப் புதுசா வந்த மந்தி, கைப்புள்ளக்காரிகிட்டேருந்து குட்டியப் புடுங்கிக் கடிச்சுப் போட்டுடுச்சுங்க. கல்லெடுத்துக்கூட வீசினேன். கேக்கல. செத்த குட்டிய அந்தத் தாயி ரெண்டு நாளு தூக்கிக்கிட்டே அலைஞ்சுச்சு.”

கேட்டவுடன் எனக்கு ஏற்பட்டது துயரமன்று, வியப்புமன்று. நான் கற்பித்த சொல்லை இவர் சரியாகக் கையாண்டுவிட்டார் என்ற மகிழ்ச்சி. அங்கேயே, ஒரு பாறைமேல் ஏட்டை விரித்து, கேட்டது என்ற பத்தியில் எழுதினேன். ‘மந்தி’ என்று எழுதியிருந்தால் இக்கட்டுரைக்கே இடமிருந்திராது. பேராசிரியருக்கு விளங்க வேண்டுமே என்று ‘பெண் முசு’ என எழுதினேன். ஆங்கிலப் படியிலும் அவ்வாறே பெயர்த்தேன். கேட்ட சொல்லை எழுத வேண்டிய இடத்தில், அச்சொல்லுக்கு நான் அறிந்த பொருளை எழுதிவைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை, அவ்வரியில் பேராசிரியரின் நடை நின்றது. நெடுநேரம் நின்றது. முசுக் கூட்டத்தில் பெண்கள் பிறந்த கூட்டத்திலேயே தங்கிவிடுபவை, வெளியிலிருந்து வந்து புகுபவை ஆண்களே என்பதுதான் அதுவரை நாங்கள் கண்டது. மேலும், பிறந்த குட்டியைக் கூட்டத்துப் பெண்கள் கைமாற்றிக் கைமாற்றி அணைத்து வைத்திருப்பதைப் பக்கம் பக்கமாக நாங்களே எழுதியிருந்தோம். அப்படியிருக்கப் புதிதாக வந்த ஒரு பெண், குட்டியைக் கொல்வதா? வெளியூர் அறிஞர்கள் கூடும் அவையொன்றில் எங்கள் குறிப்புகளை அவர் படிப்பதாக இருந்தார். இதைப் படித்துப் பொய்யென்று தெரிந்தால் மற்றவை அனைத்தும் பொய்யென்றே கொள்ளப்படும் என்று கவலைப்பட்டார்.

ஆகவே அந்தோணிராஜை அனுப்பினார். அவர் மூன்று கிழமை தங்கிப் பார்த்துவிட்டு வந்து, கூட்டத்தில் புதிய பெண் எதுவுமே இல்லை என்றார். இருக்கும் பெண்களோ, நம் தெருப் பெண்கள் பக்கத்து வீட்டுக் குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொள்வதைப் போலக் குட்டிகளைக் கொஞ்சுகின்றன என்றும் சொன்னார். அவர் கண்டதில் பிழையில்லை. அவர் தேடச் சென்றது மட்டுமே பிழையானது.

பேராசிரியர் வெள்ளையனைக் கல்லூரிக்கு அழைத்துவரச் செய்தார். வெளுத்த வேட்டியும் தோளில் துண்டுமாக அவர் துறைத்தலைவர் அறையில் நின்றது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. சுவரோரம் நின்ற எலும்புக்கூட்டைப் பார்த்து ஒருகணம் திகைத்து, பிறகு அதன் வாலெலும்பைப் பார்த்து ஆறுதலடைந்தார். அந்தோணிராஜும் நானும் உடனிருந்தோம்.

“குட்டியைக் கொன்னது மந்தின்னு சொன்னியாமே?” என்றார் பேராசிரியர். வெள்ளையன் வாயில் வந்த சொல் எது என்று முன்னரே என்னிடம் கேட்டு வைத்திருந்தார்.

“ஆமாங்க. மந்திதாங்க.”

“எந்தப் பொட்டை? அடையாளம் சொல்லு.”

வெள்ளையன் விழித்தார். “பொட்டை இல்லீங்களே. பொட்டைங்கதான் கத்திக்கிட்டு ஓடிச்சுங்க. இது மந்திங்க. கெடா மந்தி.”

அந்த நொடியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கிடா மந்தி. அம்மலையில் மந்தி என்பது பெண்ணின் பெயரன்று, இனத்தின் பெயர். நான் முசு என்று எதை அழைத்தேனோ, அதை அவர்கள் ஆணாயினும் பெண்ணாயினும் மந்தி என்கிறார்கள். பதறிய நேரத்தில் என் சொல் நழுவி, அவர் பிறந்த நாள் தொட்டுப் பேசிய சொல் அவர் வாயில் வந்திருக்கிறது.

பேராசிரியர் என் பக்கம் திரும்பினார். “தமிழ்ல எனக்கு நீர்தான் பிரமாணம். மந்தின்னா என்ன ஓய்?”

“மந்தி என்பது பெண்பாற் பெயர்” என்றேன்.

அவ்வளவே சொன்னேன். நிகண்டின்படி அதில் எழுத்துப் பிழையும் இல்லை. ‘ஆனால்’ என்று ஒரு சொல் சேர்த்திருந்தால் போதும். சேர்க்கவில்லை. என் கலைச்சொற் பட்டியல் அக்கிழமைதான் அச்சுக்குப் போயிருந்தது. என் வேலையை நிலைப்படுத்தும் தாள் அம்மேசைமேலேயே கிடந்தது. இவற்றைச் சமாதானமாகச் சொல்லவில்லை. அந்நேரத்தில் என் கண் எங்கே இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன். அது வெள்ளையன் முகத்தில் இல்லை.

அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதை உணர்ந்தேன். வாதாடவில்லை. “நான் பாத்ததத்தாங்க சொன்னேன்” என்றார். பேராசிரியர் கடிந்துகொள்ளவில்லை. கடிந்துகொண்டிருந்தால் தேவலாம். ஆணென்றும் பெண்ணென்றும் மாற்றிப் பேசுகிறவன் கண்ணை நம்பி எழுத முடியாது என்று ஆங்கிலத்தில் எங்களிடம் சொல்லிவிட்டு, இனி வரவேண்டாம் என்று அவரிடம் தமிழில் சொன்னார். வெள்ளையன் கும்பிட்டுவிட்டுப் போனார். துறையூர்ப் பேருந்து எங்கே நிற்கும் என்று வாயிற்காவலரிடம் கேட்டுக்கொண்டு போனதாகப் பிறகு அந்தோணிராஜ் சொன்னார்.

அன்றிலிருந்து எனக்கு நிலைகொள்ளவில்லை. வகுப்பில் தவளையின் நரம்பைக் காட்டிக்கொண்டிருக்கும்போது கை நின்றுவிடும். பட்டியலின் அச்சுப்படிகள் திருத்தத்துக்கு வந்தன. ‘மந்தி: பெண் முசு’ என்ற வரியைத் திருத்தமாட்டாமல், திருப்பி அனுப்பவும் மாட்டாமல் மேசையிழுப்பில் வைத்துப் பூட்டினேன். ஞாயிறுதோறும் எவரிடமும் சொல்லாமல் மலைக்குச் செல்லலானேன். நோக்கம் ஒன்றே. அக்கடுவன் இன்னொரு குட்டியைக் கொல்வதை நானே கண்டுவிட்டால், கண்டது என்ற பத்தியில் எழுதிவிடலாம். வெள்ளையன் சொன்னது மெய்யாகிவிடும். நான் வாய் திறக்க வேண்டியதில்லை.

ஒரு ஞாயிறு, மூங்கிற்கட்டைத் தோளில் சுமந்து இறங்கிய வெள்ளையன் எதிர்ப்பட்டார். பழைய வேலைக்கே திரும்பியிருந்தார். எந்த மரத்தில் கூட்டம் இருக்கிறது என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. சுமையை இறக்காமலே நின்றார்.

“என்கிட்ட ஏங்க கேக்கறீங்க? நான் சொன்னா ஆணு பொண்ணாயிடும், பொண்ணு ஆணாயிடும். நீங்களே பாத்துக்குங்க.”

பார்த்தேன். மழைக்காலம் முடியும்வரை பார்த்தேன். புதிய கடுவன் கூட்டத்தில் நிலைபெற்றிருந்தான். பெண்கள் அவன் மயிரைக் கோதின. மேற்குச் சரிவில் கூட்டமற்ற ஆண்கள் சில திரிந்தன. அவற்றைக் கண்டால் இவன் பற்களை நறநறவென்று கடிப்பான். பிறகு ஒருநாள், நான் வேண்டியது நேர்ந்தது. கைக்குட்டியோடு அத்திமரத்தில் இருந்த ஒரு தாயைக் கடுவன் துரத்தத் தொடங்கினான். அத்தியிலிருந்து புளிக்கும், புளியிலிருந்து வாகைக்குமாகத் தாவி ஓடினாள். குட்டி அவள் வயிற்றில் பற்றிக்கொண்டிருந்தது. கரிய குட்டி. பிறந்து சில நாள்களே இருக்கும். கடுவன் அவள் வாலைப் பற்றினான். நான் எழுந்து நின்றுவிட்டேன். என் உள்ளத்தில் அப்போது ஓடிய சொல் இது: கடி.

கூட்டத்தின் மற்றப் பெண்கள் நாற்புறமும் இருமுவதைப் போலக் குரைத்துக்கொண்டு பாய்ந்து வந்தன. அவற்றுள் ஒரு கிழவி கடுவன் முகத்துக்கு நேரே அறைந்தாள். அவன் பின்வாங்கினான். குட்டி பிழைத்தது. தாய் உச்சிக் கிளையில் போய் அமர்ந்து, அதை மீண்டும் மீண்டும் முகர்ந்துகொண்டிருந்தாள்.

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஒரு சொல்லைச் சொல்லக் கூசி, பிறந்து சில நாளான ஓர் உயிர் சாக வேண்டும் என்று ஆறு மாதமாக மலையேறிக்கொண்டிருந்திருக்கிறேன். வெள்ளையன் கல்லெடுத்து வீசினார். நான் எழுதுகோலை எடுத்துக்கொண்டு நின்றேன். அன்று மாலைவரை இருக்காமல், கண்டது என்ற பத்தியில் ‘துரத்தியது, பிடிபடவில்லை’ என்று மட்டும் எழுதி இறங்கிவிட்டேன்.

மறுநாள் காலை திருவரங்கம் சென்றேன். சனிக்கிழமையல்லாத நாளில் என்னைக் கண்டு பேராசிரியர் வியந்தார். பூசை முடிந்து கூடத்துக்கு வந்தவரிடம், நின்றபடியே அனைத்தையும் சொன்னேன். நடந்துகொண்டே கேட்டவர் ‘கிடா மந்தி’ என்ற இடத்தில் நின்றார்.

“அப்போ அவன் பொய் சொல்லலே.”

“இல்லை.”

“நீர் சொன்னது?”

“நிகண்டின்படி பிழையன்று.”

“நிகண்டைக் கேக்கலே ஓய்” என்றார். குரல் உயரவில்லை. “அன்னிக்கே தெரியுமா உமக்கு?”

தெரியும் என்றேன். அவர் ஏட்டை எடுத்துவரச் சொல்லி, ஆங்கிலப் படியில் அவ்வரியை ஒற்றைக் கோட்டால் அடித்து, மேலே ஆண் என்று எழுதி, ஒப்பமிட்டு, என்னையும் ஒப்பமிடச் சொன்னார். கலைச்சொற் பட்டியலில் ‘மந்தி’ என்ற சொல்லுக்கு எதிரே மலைவழக்கில் அது இருபாலுக்கும் உரியது என்று நானே என் கையால் சேர்க்க வேண்டும் என்றார். என் வேலை நிலைப்படுவது ஓராண்டு தள்ளிப்போயிற்று. அவர் எழுதிய குறிப்பைப் பின்னொருநாள் கண்டேன். ‘மொழியறிவு உண்டு. செவி பழக வேண்டும்’ என்றிருந்தது.

அந்தக் கிழமையே அவர் என்னை அழைத்துக்கொண்டு மலைக்குப் புறப்பட்டார். மூடிய கழுத்துக் கோட்டோடு அம்மனிதர் ஏற்றத்தில் நடந்தது எளிதாக இல்லை. வெள்ளையன் தம் வீட்டெதிரே மூங்கில் பிளந்துகொண்டிருந்தார். எங்களைக் கண்டு எழுந்தார். அதுவரை அவரை ‘நீ’ என்றே அழைத்துவந்த பேராசிரியர், “வெள்ளையன், நீங்க சொன்னது சரி. தப்பு எங்களோடது” என்றார்.

வெள்ளையன் அரிவாளைத் துடைத்தார். “தப்பு யாருதோ இருக்கட்டுங்க. பொய் சொல்லி வேலை போச்சுன்னு எம்பொண்ணப் பாத்துப் பேசறாங்க. அதுக்கு என்ன செய்வீங்க?”

பேராசிரியர் ஊர்த்தலைவராகிய கவுண்டரை அழைத்துவரச் சொல்லி, கூடியிருந்தவர்கள் முன் அதே சொற்களை மீண்டும் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார். நானும் சொன்னேன். இவர் மந்தி என்றார், நான் அதைப் பெண் என்று எழுதினேன், கேட்டபோது வாய் திறக்கவில்லை என்றேன். அங்கிருந்த ஒரு கிழவர் சிரித்துவிட்டு, பெட்டைக்குத் தனிப்பேரா, அதுங்களுக்கே தெரியாதே என்றார். எல்லோரும் சிரித்தனர். வெள்ளையன் சிரிக்கவில்லை.

வேலைக்குத் திரும்ப உடனே ஒப்பவில்லை. இரண்டாம் முறை நான் தனியே சென்றபோது ஒரு நிபந்தனை சொன்னார். “நான் வரேங்க. ஆனா நான் சொன்னத எழுதினதும், மூடறதுக்கு முன்னாடி எனக்கு ஒருக்காப் படிச்சுக் காட்டணும். நான் சரின்னு சொன்னப்பறம்தான் எடுத்துக்கிட்டுப் போகணும்.”

பேராசிரியர் அதை ஏற்று, குறிப்பேட்டில் மூன்றாவதாக ஒரு பத்தி கோடிடச் செய்தார். அதன் தலைப்பு ‘படித்துக் காட்டியது’. முதல்நாள் நான் படித்துக் காட்டியது நினைவிருக்கிறது. கடுவன் தன் குழாத்தொடு வாகையின் உச்சியை அடைந்து பறழ்களைக் காத்தது என்று எழுதியிருந்தேன். கவனமாகக் கேட்டுவிட்டு, “இது எந்த ஊர்ல நடந்ததுங்க?” என்று கேட்டார். அடித்துவிட்டு அவர் சொன்னபடியே எழுதினேன். அடிபட்ட வரியும் அங்கேயே கிடக்கிறது. பின்னர் அவர் வேலை நிலைபெற்றது. ஓய்வுபெறும்வரை பணியாற்றினார். அவர் கண்ட நிகழ்வைப் போன்றவற்றை வேறு நாட்டாரும் வேறு காடுகளில் கண்டு எழுதியதாகவும், அதன் காரணத்தைப் பற்றி அறிஞர்களிடையே வழக்கு நடந்ததாகவும் பின்னாளில் அறிந்தேன். அவ்வழக்கில் எனக்கு இடமில்லை. அன்று கண்டவர் வெள்ளையன். நான் கேட்டவன் மட்டுமே. அதையும் செவ்வையாகக் கேட்கவில்லை.

இக்கட்டுரையை அச்சுக்கு விடுமுன் அவருக்குப் படித்துக் காட்டியிருக்க வேண்டும். அவர் மறைந்து பல்லாண்டுகள் ஆகின்றன. ஆதலால் படிப்பவர்களை, சிறப்பாக அம்மலையில் வாழ்பவர்களையும் அவர் வீட்டாரையும் வேண்டிக்கொள்கிறேன். அவர் வாயில் நான் வைத்துள்ள சொற்களில் அவர் சொல்லாத சொல் எதுவும் இருந்தால், மரத்தின் பெயரிலோ குரங்கின் பெயரிலோ நான் மீண்டும் தவறியிருந்தால், தயங்காமல் எழுதித் தெரிவியுங்கள். ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் ஒப்பமிடுவேன்.